கேட்காமல் எடுத்த முடி

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் சேந்திக்கொள்ளலாமா என்று அந்த டீச்சர் முதல் நாள் கேட்டபோது, என் மாமியார் தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுநாள் காலையில் அவர் வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் குடத்தோடு நின்று மறுபடியும் கேட்டார். மூன்றாம் நாளும் கேட்டார். நான்காம் நாள் மாமியாருக்குப் பொறுக்கவில்லை. தினமும் கேட்டால் தினமும் பதில் சொல்ல ஒரு ஆளைப் போடவா முடியும், ஒரு தரம் சொன்னது போதாதா என்று சத்தம் போட்டார்.

"நேத்து கேட்டது நேத்துக்குத்தானம்மா. இன்னைக்கு உங்களுக்கே தண்ணி பத்தாமப் போகலாம்லா?" என்றார் டீச்சர்.

மாமியார் உள்ளே வந்து, "இது எந்த ஊர்க் கிறுக்குடி சாமி" என்று என்னைக் கேட்டார். திருநெல்வேலிச் சீமை என்று மட்டும்தான் எனக்கு அப்போது தெரியும். பிறகு நிறையத் தெரிந்துகொண்டேன். பெயரும் தெரியும். ஆனால் இங்கே எழுதவில்லை. எழுதட்டுமா என்று கேட்க இப்போது அவர் இல்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. புதுச்சத்திரத்திலிருந்து சேந்தமங்கலம் போகிற வழியில் எங்கள் தோட்டம். தோட்டத்தை ஒட்டி, கடலைக்காய் மூட்டை அடுக்கிவைக்கிற பழைய கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்து எலி வளர்த்துக்கொண்டிருந்தது. ஒரு கிறிஸ்தவ மிஷன் வந்து அதை வாடகைக்குக் கேட்டது. கொல்லிமலைப் பிள்ளைகளைக் கீழே கூட்டி வந்து தங்க வைத்து, பக்கத்துப் போர்டு ஸ்கூலில் படிக்க வைக்கப் போவதாகச் சொன்னார்கள். என் மாமனார், வேதக்காரர்கள் வந்தால் மலைச்சனத்தையெல்லாம் மாற்றிவிடுவார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். நான் மல்லசமுத்திரத்திலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று வருஷம். கையில் ஒரு ஆண் குழந்தை. வாயும் அப்போது கொஞ்சம் நீளம்.

கிட்டங்கியை நடத்த வந்தவர்தான் டீச்சர். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒல்லி. நடக்கிற வேகத்தைப் பார்த்தால் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார் என்று தோன்றும். மாதம் ஒரு தடவையாவது மருந்துப் பையோடு மலைக்குப் போவார். மேலே பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால்தான் அந்த ஊர்கள் வரும். சில ஊர்களில் எல்லைக்குள் செருப்புப் போட்டு நடக்க மாட்டார்கள். டீச்சர் எல்லையிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, யாராவது வாங்க என்று கூப்பிடும் வரை வெளியிலேயே நிற்பார். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க வந்தவர் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். கூப்பிடாத நாளில் திரும்பி வந்தும் இருக்கிறார். "அவுக ஊரு. கூப்பிட்டாத்தான போகணும்" என்பார், அதில் ஒரு வருத்தமும் இல்லாமல்.

பிள்ளைகளிடமும் இதே கதைதான். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது என்றால் ஒருத்தர் காலைப் பிடிக்க, ஒருத்தர் மூக்கைப் பிடிக்க, ஒருத்தர் ஊற்ற வேண்டும். டீச்சர் கரண்டியில் மருந்தை ஊற்றி வைத்துக்கொண்டு, "குடிக்கியா?" என்று கேட்பார். மாட்டேன் என்றால் கரண்டியோடு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பார். ஒரு பெண் குழந்தையிடம் பால் கறக்கும் நேரத்தில் கேட்க ஆரம்பித்தவர், நான் மாடு கட்டிவிட்டு வந்து பார்த்தபோதும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தப் பிள்ளைக்கே பாவமாகப் போய்க் குடித்துவிட்டது.

சாயங்காலம் ஜெபம் நடக்கும். வர விருப்பமில்லாத பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து கடலைக்காய் உரிக்கலாம் என்பது அவர் வைத்த சட்டம். இரண்டு பயல்கள் எப்போதும் கடலைக்காய் பக்கமே உட்காருவார்கள். உரிப்பதில் பாதி வாய்க்குள் போய்விடும். அது டீச்சருக்கும் தெரியும். மிஷன்காரர்கள் வந்து இதுவரை எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று கேட்டால், "இன்னும் யாரும் கேக்கலைய்யா" என்று சொல்லிவிடுவார். அவர்கள் முகம் போகிற போக்கை நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்து ரசித்திருக்கிறேன்.

இந்தக் கேள்வி எப்போதும் இனிப்பாக இருந்தது என்று சொன்னால் அது பொய். ஒரு மத்தியானம் என் மகனைத் தேள் கொட்டிவிட்டது. பையன் நீலம் பாரித்துக் கத்துகிறான், நான் களத்துமேட்டில் நின்று அவனைவிடச் சத்தமாகக் கத்துகிறேன். ஓடி வந்த டீச்சர் ஊசியில் மருந்தை ஏற்றிவிட்டு, "போடட்டுமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஊசியைப் பிடுங்கி அவருக்கே போட்டிருப்பேன். கேக்காதீங்க, போடுங்க என்று கூவினேன். போட்டார். பையன் பிழைத்துக்கொண்டான். இதற்குமா கேட்பீர்கள் என்று சாயங்காலம் போய்ச் சண்டை பிடித்தேன். ஊசி போடும்போது பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது, தான் கேட்ட பிறகுதான் எனக்குச் சுயநினைவு வந்தது என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு தடவை கேட்காமல் ஒன்று செய்துவிட்டார். இதை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

ஒரு வியாழக்கிழமை மலையிலிருந்து ஒரு அப்பன் தன் மகனைக் கொண்டுவந்து விட்டுப் போனார். ஆறு வயது இருக்கும். தோளைத் தொடும் முடி, கொத்துக் கொத்தாகச் சடை பிடித்துக் கிடந்தது. பேன் கடித்துக் கழுத்தெல்லாம் புண். டீச்சர் அந்த அப்பனை உட்கார வைத்து ஒன்று விடாமல் கேட்டார். பையன் முட்டை தின்பானா, கறி தின்பானா, ஊசி போடலாமா, ஜெபத்தில் உட்காரலாமா, ஊர்த் திருவிழா நோம்பிக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்று எல்லாம் கேட்டார். முடியைப் பற்றி மட்டும் கேட்கவில்லை. புதிதாக வருகிற பிள்ளைக்குப் பேன் இருந்தால் சனிக்கிழமை முடிவெட்டுகிறவர் வந்து மொட்டை அடிப்பது கிட்டங்கி வழக்கம். சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிற மாதிரிதான் அதுவும் அவருக்கு.

அவர் வளர்ந்த இடத்தில் முடி என்றால் வெறும் முடி. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள், ஆறு வயது ஆண்பிள்ளை தலையில் முடி அப்படிக் கிடந்தால் அது சாமிக்கு வேண்டி வளர்ப்பது. குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் அதை இறக்க வேண்டும்.

பால் ஊற்றப் போன நான் பையனைப் பார்த்தேன். பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனால் சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள்தான் எங்கள் மாரியம்மன் பொங்கலை ஒரு போசியில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். சாமிக்குப் படைத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோபப்படாதீர்கள் என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசு எரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கேட்டுச் செய்கிற மகராசிதானே, இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று செம்பைக் கவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டேன். சனிக்கிழமை பையன் பளபளவென்று மொட்டைத் தலையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த சந்தை நாளில் அப்பன் மகனைப் பார்க்கப் பலாப்பழத்தோடு வந்தார். மகனைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சத்தம் போடவில்லை. டீச்சர் வந்து என்ன என்று கேட்டதும் மகனின் மொட்டைத் தலையை ஒரு தரம் தடவினார். பிறகு எழுந்து பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். அந்த வாரம் முடிவதற்குள் அதே மலைப்பக்கத்து அப்பன்மார், அம்மாமார் எல்லாரும் இறங்கி வந்து அவரவர் பிள்ளையைக் கூட்டிப் போனார்கள். கிட்டங்கியில் பதினோரு தட்டு கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தது.

டீச்சர் என்னிடம் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அந்த வீட்டில் இதற்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லையாம், இவனாவது தங்கட்டும் என்று வேண்டி வளர்த்த முடியாம் என்று சந்தையில் கேட்டதையும் சொன்னேன். எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நேரே குப்பைக்குழிக்குப் போனார். முடிவெட்டுகிறவர் கொட்டிய முடி அங்கேதான் கிடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாணிக்கும் சாம்பலுக்கும் நடுவில் கைவிட்டுத் துழாவினார். நானும் இறங்கினேன். ஒரு கைப்பிடி அளவு கிடைத்தது. அதை அலசி உலர்த்தி ஒரு வெள்ளைத் துணியில் முடிந்தார்.

மறுநாள் நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். வீட்டுக்காரர் தடுத்தார். பாதித் தப்பு என்னுடையது, நான் போகாமல் யார் போவது என்று சொல்லிவிட்டுப் போனேன். பஸ் அத்தனை கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிப்பதற்குள் எனக்குக் குடலே வாய்க்கு வந்துவிட்டது. இறங்கி நடந்து, ஊர் எல்லையில் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பலாமரத்தடியில் உட்கார்ந்தோம். காலையில் உட்கார்ந்தவர்களை வெயில் சாய்ந்த பிறகுதான் கூப்பிட்டார்கள்.

ஊர்க்கவுண்டர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பையனின் அம்மா ஒரு ஓரத்தில் அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். எம்பட பையனுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வார்கள் என்று அவள் ஒருத்திதான் கேட்டாள். டீச்சருக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது, தெரியாமல் செய்துவிட்டார் என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல மாட்டேன். தெரியலன்னா கேட்டிருக்கணும். கேக்காமச் செஞ்சேன். அது தப்பு."

துணி முடிச்சை முன்னால் வைத்துவிட்டு, இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ஊர் கூடிப் பேசியது. வேண்டுதல் அறுந்துபோனது அறுந்ததுதான், மறுபடி முதலிலிருந்து ஐந்து வருஷம் வளர்க்க வேண்டும் என்றார்கள். அறுத்தவர் யாரோ அவர்தான் அதை வளர்த்துத் தர வேண்டும் என்றார் ஒரு பெரியவர். ஊர்க்கவுண்டருக்கு அதில் ஒரு சந்தேகம் இருந்தது.

"ஏனுங்க டீச்சரம்மா, இது எங்க சாமிக்கு வளக்கற முடி. உங்க சாமி ஒத்துக்குங்களா?"

"எங்க சாமிகிட்ட நான் கேட்டுக்கிடுதேன்."

யாரோ ஒருவர் சிரித்தார். அதோடு கட்டு தளர்ந்தது. ஒரு வாரத்தில் பதினோரு பிள்ளைகளும் திரும்பி வந்தார்கள். அந்தப் பையனும் வந்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு ஒரு வேடிக்கை. மற்ற பயல்களுக்கெல்லாம் முடி ஒட்ட வெட்டி முடிந்ததும், இவன் வந்து டீச்சர் முன்னால் முதுகைக் காட்டி உட்காருவான். வேப்பெண்ணெய் தேய்த்து, சீத்தாக்கொட்டையை அரைத்துப் பூசி, சீயக்காய் போட்டு அலசி, ஈருளியால் ஈரை உருவி, சிக்கெடுத்து ஒற்றைச் சடை போடுவார். ஒன்றரை மணி நேரம் ஆகும். வாரும்போது யேசுவின் பாட்டுப் பாடுவார். யேசு பாட்டைக் கேட்டு எங்கள் சாமிக்கு முடி வளர்கிறது என்று நான் கேலி செய்வேன். உங்க சாமி என்னுங்க சொல்லுச்சு என்று கேட்டால், "இன்னும் பதில் வரல. வாரதுக்குள்ள நாம வாரிக்கிடுவோம்" என்பார்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் தன்னைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னார். தாய் தகப்பன் போனபின் ஏழு வயதில் யாரோ கொண்டுபோய் ஒரு விடுதியில் விட்டார்களாம். "அன்னைக்கே எம் பேர மாத்துனாக. நல்ல பேருதான், கொறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா யாரும் என்னையக் கேக்கல." சொல்லிவிட்டுச் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிப் பழைய பால்டப்பாவில் போட்டார். உதிர்ந்த முடியைக்கூட அவர் எறிவதில்லை. நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்டுத்தான் எதையும் செய்வார் என்பதால் நானும் அவரிடம் கொஞ்சம் அளந்துதான் கேட்பேன்.

பள்ளிக்கூடத்தில் பையனைப் பொட்டப்பிள்ளை என்று சீண்டினார்கள். தலைமை ஆசிரியர் முடியை வெட்டாமல் வரக்கூடாது என்றார். டீச்சர் மூன்று நாள் நடையாக நடந்து அவரிடம் அனுமதி வாங்கினார். மலையில் பையனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அம்மாக்காரிக்கு அந்த மொட்டைதான் ஞாபகம் வரும் என்பதால், மாதம் ஒரு தடவை அவனைக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு வருவார். அவள் சடையைக் கையில் பிடித்து நீளம் பார்த்துக்கொள்வாள்.

நான்காவது வருஷம் சேலத்திலிருந்து மிஷன் பெரியவர் காரில் வந்தார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி போட்டோ எடுத்து வெளியூருக்கு அனுப்புவது அவர்கள் வழக்கம். பெரியவர் வருகிறார் என்று தெரிந்ததுமே என் வீட்டுக்காரர், பையனுக்கு ஒரு தொப்பி வாங்கித் தருகிறேன், சடையை உள்ளே சுருட்டிவிடுங்கள் என்று டீச்சரிடம் சொன்னார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலியும் காப்பியும் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். காப்பியோடு நான் போனபோது பெரியவர் அந்தச் சடையைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் முதலிலிருந்து கடைசிவரை மறைக்காமல் சொன்னார்.

பெரியவர் கெட்ட மனிதர் இல்லை. கோபப்படாமல் பொறுமையாகத்தான் பேசினார். ஊரை விட்டு, உறவை விட்டு நாம் இங்கே எதற்காக வந்தோம், நீங்கள் வாராவாரம் எண்ணெய் தேய்த்து வளர்ப்பது வேறொரு சாமிக்கான காணிக்கை இல்லையா என்று கேட்டார். அவர் பக்கமிருந்து பார்த்தால் அதிலும் தப்பில்லை. பொங்கலைத் திருப்பிக் கொடுத்த டீச்சருக்கு அது தெரியாதா? அவர் முகம் வெளுத்துப்போனது.

"எனக்குச் சொந்தமானதுன்னா இப்பவே விட்டுருதேன்யா. இது அடுத்தவுகளுக்குக் குடுத்த வாக்கு. அவன் அப்பன்கிட்டக் கேளுங்க. அவரு சரின்னா இந்த நிமிசமே கத்திரிய நான் எடுக்கேன்."

மலைக்கு ஏறிப்போய் அந்த அப்பனிடம் கேட்கப் பெரியவர் தயாராக இல்லை. முடி போக வேண்டும், இல்லாவிட்டால் இந்த இல்லத்தில் டீச்சர் இருக்க முடியாது என்றார். அதற்கு டீச்சர், நான் போய்விடுகிறேன், ஆனால் முடி இருக்க வேண்டும், யாரும் அதைத் தொடக்கூடாது, இல்லமும் நடக்க வேண்டும் என்று கேட்டார். பெரியவர் யோசித்துச் சரி என்றார். சொன்ன சொல்லைக் கடைசிவரை அவரும் காப்பாற்றினார் என்பதை எழுதாமல் விட்டால் பாவம்.

ஏழு வருஷம் இருந்த இடத்தை விட்டு டீச்சர் ஒரு தகரப்பெட்டியோடு கிளம்பினார். மலைக்கு ஏறிச் சொல்லிக்கொள்ள நேரம் கொடுக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நான்தான் நின்றேன். "சனிக்கிழமை சனிக்கிழமை வாரி விடுதீகளா?" என்று கேட்டார். கேட்காவிட்டாலும் செய்திருப்பேன். இருந்தாலும் கேட்டார். சரிங்க என்று சொல்லித் தகரப்பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் நகர்ந்த பிறகு அங்கேயே நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். புதுச்சத்திரத்து டீக்கடைக்காரர், யாருங்க, உங்க அக்காங்களா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவருக்குப் பதிலாக ஒரு இளம் தம்பதி வந்தார்கள். நல்லவர்கள்தான், அந்த முடியை மட்டும் தொடமாட்டார்கள். ஒரு வருஷம் நான் வாரினேன். எனக்கு யேசு பாட்டுத் தெரியாது. அதனால் ஊர்க்கதை பேசிக்கொண்டே வாரினேன்.

ஐந்து வருஷம் நிறைந்த தை மாதம், சாமை அறுப்பு முடிந்ததும் முடி இறக்க நாள் வைத்தார்கள். பையனுக்குப் பதினொரு வயது. சடை இடுப்பைத் தொட்டது. நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். குலசாமிக் கோயில் முன்னால் தாய்மாமன் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். கத்தியைத் தீட்டியாயிற்று. ஆடு கட்டியாயிற்று. அப்போது ஊர்க்கவுண்டர் சுற்றிலும் பார்த்துவிட்டு, டீச்சரம்மா எங்கே, எல்லையில் நிற்கிறாரா, யாரும் போய்க் கூப்பிடவில்லையா என்று கேட்டார். வேலை மாறிப் போய் ஒரு வருஷமானாலும் இதற்கு வந்திருப்பார் என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள். அவர் எதற்காகப் போனார் என்று நான் அப்போதுதான் சொன்னேன். இந்த முடிக்காகவா என்று அந்த அம்மாக்காரி கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஊர்க்கவுண்டர் கத்தி வைத்திருந்தவரைக் கையமர்த்தினார்.

"வளத்தது அவிங்க. அவிங்களக் கேக்காம எப்படிங்க கத்தி வெக்கறது? போயிக் கேட்டுட்டு வாங்க. சாமி எங்கயும் போயிராது."

சமையலுக்கு மூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆட்டை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். நான் கீழே வந்து டீச்சருக்கு ஒரு இன்லண்ட் கடிதம் எழுதிப் போட்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறி, கூடியிருந்தவர்கள் முன்னால் நின்று படித்தேன்.

என்னைக் கேட்டதற்கு ரொம்பச் சந்தோஷம், என் பங்குக்குச் சரிதான் என்று எழுதியிருந்தார். முட்டிவலி, மலையேற முடியாது, ஏறினாலும் கோயிலுக்குள் வந்து நிற்க முடியாது, அது உங்களுக்குத் தெரியும் என்றும் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு இப்படி இருந்தது. 'ஆனால் பையனைக் கேட்டீர்களா? அன்றைக்கு அவன் அப்பனைக் கேட்கவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னீர்கள். நானும் அதற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அவனையும் நான் கேட்கவில்லை. வளர்க்கிறேன் என்று ஒப்புக்கொண்ட அன்றும் கேட்கவில்லை. தலை அவனுடையது. அவனைக் கேளுங்கள்.'

பதினொரு வயதுப் பிள்ளையிடம் இதைப் போய்க் கேட்பார்களா என்று தாய்மாமன் முணுமுணுத்தார். அப்பன் எழுந்தார். மகன் முன்னால் போய், மொட்டைத் தலையைப் பார்த்த அன்று கிட்டங்கியில் உட்கார்ந்த மாதிரியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முடி இறக்கலாமா சாமி என்று கேட்டார். பையன் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு அதன் நுனியைப் பார்த்தான். அவனை எதற்காகவும் ஊர் இப்படிச் சுற்றி நின்று கேட்டதில்லை.

"நாளைக்குக் காத்தால சொல்றனுங்க" என்றான்.

தாய்மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டாவது தடவையாக மலையின் அந்தப் பக்கத்திலிருந்து நடந்து வந்தவர். ஊர்க்கவுண்டர் அவரை உட்காரச் சொன்னார். கேட்டாகிவிட்டது, இனி பதில் வரும் வரை இருந்துதான் ஆக வேண்டும் என்றார். ஊர் இருந்தது. நானும் இருந்தேன். மறுநாள் காலையில் அவன் தானே ஓடைக்குப் போய்த் தலைமுழுகி, சடையை அவிழ்த்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து மாமன் மடியில் உட்கார்ந்தான்.

ஊருக்குத் திரும்பிய அன்றே டீச்சருக்குக் கடிதம் எழுதினேன். முடி இறக்கியதை முதலில் எழுதவில்லை. பையன் ஒரு நாள் யோசிக்க வேண்டும் என்றான், ஊரே அவனுக்காகக் காத்திருந்தது என்றுதான் கடிதத்தை ஆரம்பித்தேன்.